ஆர்.சி. தேதியை எடுத்துப் பாருங்கள்

ஆர்.கே.புரம், மயூர் விஹார், ஜனக்புரி, துவாரகா என்று தில்லியெங்கும் பழைய காரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு,



பொதுத்துறை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் மோட்டார் கிளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மலை மந்திரில் தரிசனம் முடிந்து படியிறங்கும்போதும், தமிழ்ச் சங்கத்தில் கச்சேரி இடைவேளையிலும், "சார், ஒரு கிளெய்ம் விஷயம்" என்று ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். வண்டி இடித்துவிட்டது, பொல்யூஷன் சர்ட்டிபிகேட் தேதி முடிந்திருந்தது, இனி இன்சூரன்ஸ் பணம் வராதாமே, நிஜமா?

நிஜமில்லை. பி.யு.சி. எனப்படும் அந்தப் பொல்யூஷன் சர்ட்டிபிகேட் இல்லை என்பதற்காக மட்டும் உங்கள் கிளெய்மை மறுக்க முடியாது. இதை இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யே சொல்லியிருக்கிறது. ஆனால் இதே கேள்வியைக் கேட்பவர்களிடம் "ஆர்.சி. எதுவரைக்கும் இருக்கிறது?" என்று, அதாவது வண்டியின் பதிவுச் சான்று எந்தத் தேதிவரை செல்லும் என்று நான் திருப்பிக் கேட்டால் பலருக்குப் பதில் தெரிவதில்லை. என் கவலையெல்லாம் அங்கேதான். கிளெய்மைக் கெடுக்காத காகிதத்துக்குப் பயந்து நடுங்குகிறோம். கெடுக்கக்கூடிய காகிதம் அலமாரியில் தேதி தாண்டிக் கிடக்கிறது.

முதலில் பி.யு.சி. இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அது போகும். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த காற்று மாசு வழக்கில் 2017 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. பாலிசியைப் புதுப்பிக்கும் நாளில் செல்லுபடியாகும் பி.யு.சி. இல்லாத வண்டிக்கு கம்பெனிகள் இன்சூரன்ஸ் தரக்கூடாது என்றது அந்த உத்தரவு. தில்லி வட்டாரத்தில் இதைக் கறாராகக் கடைப்பிடிக்கச் சொல்லி 2020 ஆகஸ்டில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. மறுபடியும் சுற்றறிக்கை அனுப்பியது. அது புதுப்பிப்பு பற்றிய விஷயம். விபத்து பற்றியோ கிளெய்ம் பற்றியோ அதில் பேச்சே இல்லை. ஆனாலும் செய்தி வேறு மாதிரிப் பரவியது. "பி.யு.சி. இல்லையா, கிளெய்ம் கிடையாது" என்று சில ஊடகங்கள் எழுதின. அதை மறுத்து அதே மாதம் 26-ஆம் தேதி ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு விளக்கம் வெளியிட்டது. செல்லுபடியாகும் பி.யு.சி. இல்லாதது மோட்டார் பாலிசியில் எந்தக் கிளெய்மையும் மறுக்கச் சரியான காரணம் ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. வதந்தி போன தூரத்துக்கு விளக்கம் போய்ச் சேரவில்லை.

அந்த 2017 உத்தரவுக்கும் பிறகு ஒரு திருத்தம் வந்தது. பி.யு.சி. எடுக்காதவர்கள் இன்சூரன்ஸையும் எடுக்காமல் விட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வண்டி ஒருவரை இடித்தால் அடிபட்டவருக்கு நஷ்டஈடு தர ஆளில்லை. நாட்டில் ஓடும் வண்டிகளில் பாதிக்கும் மேல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாதவை என்று பொது இன்சூரன்ஸ் கவுன்சில் நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னது. 2024 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. இன்று பி.யு.சி. இல்லாவிட்டாலும் மூன்றாம் நபர் பாலிசி எடுக்கலாம்.

இவ்வளவும் நடந்த பிறகும் ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்கிறது? வண்டியை டோ செய்து கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பானட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தைத் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பரை எடுக்கிறார்கள். பென்சில் டிரேஸ் என்பார்கள். இன்றைக்குப் போட்டோ போதும் என்றாலும் சேதத்தை மதிப்பிட வரும் பழைய சர்வேயர்கள் அதை விடுவதில்லை, ஏனென்றால் எந்த வண்டிக்குக் கிளெய்ம் என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி கிடையாது. அதே நேரத்தில் சர்வீஸ் அட்வைசர் உங்களிடம் ஆர்.சி., லைசன்ஸ், பாலிசி, பொல்யூஷன் நான்கையும் கேட்கிறார். பொல்யூஷன் தேதி முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இது இல்லாமல் கிளெய்ம் கஷ்டம் சார், ரொக்கமாகச் செய்துகொள்ளுங்கள்" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை. கேள்விப்பட்டதைச் சொல்கிறார். ஆனால் கிளெய்மை ஏற்கவோ மறுக்கவோ அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. நீங்களோ எழுபது வயதில், தனியாக, இந்தியில் வாதாடத் தெம்பில்லாமல் பென்ஷன் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டு வருகிறீர்கள்.

இப்படி நடப்பதில் எனக்கு மிகவும் வேதனை தருவது, இதற்கு ஒரு தடயமும் மிஞ்சுவதில்லை என்பது. கம்பெனி மறுத்து எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை வைத்து மேலே போகலாம். நீங்களே வாபஸ் வாங்கினால் மேல்முறையீடு செய்ய ஒன்றுமே இல்லை. அதனால் யார் என்ன சொன்னாலும் கிளெய்மைப் பதிவு செய்யுங்கள், கிளெய்ம் நம்பரை வாங்குங்கள், முடியாது என்றால் எழுத்தில் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்ன மாத்திரத்தில் பாதி மறுப்புகள் காணாமல் போவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆவணம் போதவில்லை என்பதற்காகக் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது என்று 2024 ஜூனில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். விபத்து நடந்த பிறகு, "முன்தேதி போட்டு ஒரு பொல்யூஷன் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சோதனை மையத்தில் புகைக்குழாய்க்குள் குழாயை நுழைத்து அளவெடுத்து, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து, நேரத்தோடு வாஹன் என்ற அரசு வாகனப் பதிவேட்டுத் தளத்தில் ஏற்றுகிறார்கள். ஒர்க்‌ஷாப்பில் முன்பக்கம் நசுங்கிக் கிடக்கும் வண்டிக்கு அதே மாலையில் சர்ட்டிபிகேட் வந்திருந்தால் சர்வேயர் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. தில்லியின் சோதனை மையங்கள் ஒழுங்காக இயங்கவில்லை என்பதும் ஊரறிந்த விஷயம்தான். அளவுக்கு மேல் புகை கக்கிய 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சர்ட்டிபிகேட் கொடுக்கப்பட்டதாக, 2025 ஏப்ரலில் தில்லி சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை சொன்னது. அவர்கள் செய்வதற்கெல்லாம் நாமும் உடந்தையாக வேண்டாம். தேதி முடிந்த பி.யு.சி.யோடு கொடுத்த கிளெய்ம் நேர்மையான கிளெய்ம். பொய்யான பி.யு.சி.யோடு கொடுத்த கிளெய்ம் மோசடி. அதை மறுக்கக் கம்பெனிக்கு முழு உரிமை உண்டு.

பி.யு.சி. எடுக்கவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. நவம்பரில் ஆனந்த் விஹார் பக்கம் மூச்சு விட்டுப் பார்த்தவர் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 மாசுத் தரத்துக் கார்களுக்கு ஒரு முறை எடுத்தால் ஒரு வருடம் செல்லும். பெட்ரோல் காருக்கு 110 ரூபாய், டீசலுக்கு 140 ரூபாய் என்று 2024-இல் கட்டணத்தை நிர்ணயித்தார்கள். இல்லாமல் பிடிபட்டால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம். 2025 டிசம்பர் 18 முதல் பி.யு.சி. இல்லாத வண்டிக்குத் தில்லியில் எரிபொருள் போடக் கூடாது என்றும் அரசு உத்தரவிட்டது. எனவே எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுக்காவிட்டால் தண்டனை அபராதம், பெட்ரோல் பங்கில் மறுப்பு. கிளெய்ம் மறுப்பு அந்தத் தண்டனையில் சேராது.

இனி ஆர்.சி.க்கு வருகிறேன்.

வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்தக் காருக்கு அரசு செய்யும் முறையான ஆய்வு, பதினைந்து வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் வருகிறது. காலாவதிக்கு அறுபது நாளுக்குள் படிவம் 25 கொடுத்து, ஆய்வாளர் முன் வண்டியை நிறுத்தி, தேறினால் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிப்பார்கள். மதுரையிலோ கோவையிலோ இருக்கும் உங்கள் தம்பிக்கு இது நடைமுறை. தில்லியில் இருக்கும் உங்களுக்கு இத்தனை வருடமாக இது பெரும்பாலும் அடைத்த கதவு. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் சொன்னது. பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகள் கூடாது என்று 2015 ஏப்ரலில் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் இரண்டையும் உறுதி செய்தது. 2022 ஜனவரி 1 அன்று ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் வண்டிகளின் பதிவைத் தில்லிப் போக்குவரத்துத் துறை ரத்து செய்தது.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உங்கள் கையில் இருக்கும் ஆர்.சி. அட்டையில் பதினைந்து வருடத்துத் தேதிதான் அச்சாகியிருக்கும். 2011-இல் வாங்கிய வண்டி என்றால் 2026 என்று போட்டிருக்கும். அட்டையைப் பார்த்து நிம்மதியாக இருக்கிறீர்கள். ஆனால் வாஹன் பதிவேட்டில் அந்த வண்டியின் பதிவு எப்போதோ ரத்தாகியிருக்கலாம். அட்டை சொல்வது வேறு, பதிவேடு சொல்வது வேறு. கிளெய்ம் வரும்போது சர்வேயர் பார்ப்பது பதிவேட்டை.

பதிவு இல்லாத வண்டிக்கு என்ன ஆகும் என்பதில் உச்ச நீதிமன்றம் தயக்கமே காட்டவில்லை. 2014 செப்டம்பரில் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. தற்காலிகப் பதிவு 2006 ஜனவரி 11-இல் முடிந்த ஒரு வண்டி, பிப்ரவரி 2-இல் விபத்துக்குள்ளானது. இடையில் மூன்று வாரம்தான். பாலிசி உயிரோடு இருந்தது, உரிமையாளர் பிரீமியம் கட்டியிருந்தார். ஆனாலும் பதிவில்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 39-ஆம் பிரிவை மீறுவது, பாலிசி நிபந்தனையை அடியோடு மீறுவது என்று சொல்லிச் சேதத்துக்கான தொகையை மறுத்துவிட்டது நீதிமன்றம்.

அது விபத்து. 2021 செப்டம்பர் 30-இல் வந்த தீர்ப்பு இன்னும் கடுமையானது. யுனைடெட் இந்தியாவிடம் இன்சூர் செய்த புது பொலேரோ. தற்காலிகப் பதிவு 2011 ஜூலை 19-இல் முடிந்தது. உரிமையாளர் வேலையாக ஜோத்பூர் போய், விருந்தினர் விடுதிக்கு வெளியே நிறுத்தினார். அந்த மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் வண்டியைக் காணோம். திருட்டுக்கும் பதிவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி உண்டு. பதிவுச் சீட்டு இருந்திருந்தால் மட்டும் திருடன் விட்டிருப்பானா? ஆனால் பதிவில்லாத வண்டியை அவ்வளவு தூரம் சாலையில் ஓட்டிக்கொண்டு போனதே அடிப்படை மீறல் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐ.டி.வி. (பாலிசியில் குறித்த வண்டி மதிப்பு) தொகையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. இரண்டுமே தற்காலிகப் பதிவு பற்றிய வழக்குகள். என்றாலும் பதிவு காலாவதியான பழைய வண்டிக்கும் கம்பெனிகள் இந்தத் தீர்ப்புகளைத்தான் தூக்கிப் பிடிக்கும்.

ஒரு குறை எந்த அளவுக்குக் கிளெய்மைப் பாதிக்க வேண்டும் என்பதில் என் கருத்து வேறு. லண்டனில் பிள்ளைகள் இருப்பவர்கள் எம்.ஓ.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அங்கே மூன்று வயதான காருக்கு வருடா வருடம் கட்டாய ஆய்வு. அது தவறியிருந்தாலும், காரின் நிலைமைதான் விபத்துக்குக் காரணம் என்று கம்பெனி காட்டாவிட்டால் கிளெய்மை மறுப்பது நியாயமில்லை என்பது அந்நாட்டு நிதிக் குறைதீர்ப்பாளரின் வழக்கம். காரின் மதிப்பைக் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். நம் உச்ச நீதிமன்றமும் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில், லைசன்ஸ் குறைபாடு விபத்துக்குக் காரணமாக இருந்ததா என்று பார்க்கச் சொன்னது. ஆர்.சி.க்கும் அந்த அளவுகோல் வர வேண்டும் என்று நான் மனதார நம்புகிறேன். வரும்வரை இன்றைய சட்டத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல முடியும்.

இந்த வேளையில் ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் பழைய வண்டிகளுக்குப் பெட்ரோல் போடக்கூடாது என்று அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைத்தார்கள். ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மேல் கட்டாய நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. டிசம்பர் 17-இல் அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4, அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே என்று சுருக்கியது. இதைக் கேட்டுவிட்டு, "கோர்ட்டே விட்டுவிட்டது, இனி ஓட்டலாம்" என்று காரை வெளியே எடுத்தவர்களை எனக்குத் தெரியும். வண்டியைப் பிடித்து ஸ்கிராப்புக்கு அனுப்ப மாட்டார்கள் என்பது ஒன்று. காலாவதியான பதிவு மறுபடி உயிர்பெற்றுவிட்டது என்பது வேறு. முதலாவதைத்தான் நீதிமன்றம் சொன்னது. கிளெய்ம் மேஜையில் பார்ப்பது இரண்டாவதை.

கம்பெனிகளிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு, நானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பதிவு முடிந்த வண்டிக்கு ஆன்லைனில் முழு பாலிசியும் புதுப்பித்துப் பணத்தை வாங்கிக்கொள்கிறார்கள். நம்பரைத் தட்டியதும் வாஹனிலிருந்து வண்டியின் ஜாதகமே திரையில் வருகிறது. பதிவு முடிந்தது அவர்களுக்குத் தெரியும். பிரீமியம் வாங்கும்போது தெரிந்த விஷயத்தை அப்போதே சொல்லாமல், கிளெய்ம் வரும்போது எடுத்து நீட்டுவது முறையல்ல. புதுப்பிக்கும் திரையிலேயே, "உங்கள் பதிவு செல்லாது, சொந்தச் சேதத்துக்குப் பணம் கிடைக்காமல் போகலாம்" என்று பெரிய எழுத்தில் காட்ட வேண்டும். தமிழ்ச் சங்கமும் குடியிருப்போர் சங்கங்களும் சேர்ந்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ.க்கு எழுத வேண்டிய கோரிக்கை இது. எழுதுங்கள், வாசகத்தை நான் அமைத்துத் தருகிறேன்.

பதிவில்லாத உங்கள் வண்டி அடுத்தவரை இடித்துவிட்டால் கதை வேறு. அடிபட்டவரைச் சட்டம் கைவிடுவதில்லை. பெரும்பாலும், கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்று தீர்ப்பாயம் உத்தரவிடும். கேட்பதற்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் வசூல் என்பது உங்கள் வீட்டுக்கு வரும் நோட்டீஸ். உயிரிழப்பு வழக்குகளில் அந்தத் தொகை பல லட்சம். கார் போனால் போகட்டும் என்று விடலாம். இதற்கு வீட்டை விற்க நேரும்.

மஞ்சள் பிளேட் டாக்ஸி ஓட்டும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எடுக்கும் பிட்னஸ் சர்ட்டிபிகேட் உங்களுக்கு ஆர்.சி. போலத்தான். 56-ஆவது பிரிவின்படி பிட்னஸ் இல்லாத வாடகை வண்டி, பதிவே இல்லாத வண்டியாகக் கருதப்படும். வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை பிட்னஸ் இரண்டு வருடத்துக்கொரு முறை, அதற்கு மேல் வருடா வருடம். கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2018-இல் பிட்னஸ், பெர்மிட் இரண்டும் இல்லாததை அடிப்படை மீறல் என்றே சொன்னது. வசூல் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இப்போது செய்ய வேண்டியது. எம்-பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, அட்டையில் உள்ளதை விட்டுவிட்டு அதில் வரும் பதிவுத் தேதியைப் பாருங்கள். கைபேசி பழக்கமில்லாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பார்த்துக் கொடுங்கள். தேதி முடிந்திருந்தால், சாவியை எடுத்து உள்ளே வையுங்கள். என்.ஓ.சி. (ஆட்சேபமின்மைச் சான்று) வாங்கி ஊருக்குக் கொண்டுபோய்ப் பதியும் எண்ணம் இருந்தால், ஓட்டிக்கொண்டு போகாமல் லாரியில் ஏற்றி அனுப்புங்கள். நெடுஞ்சாலையில் இரண்டாயிரம் கிலோமீட்டர், பதிவில்லாத வண்டியில், பேரப்பிள்ளைகளோடு வேண்டவே வேண்டாம். அந்தக் காரில்தான் பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கு அழைத்துப் போனீர்கள், அம்மாவை எய்ம்ஸுக்குக் கொண்டுபோனீர்கள் என்பதெல்லாம் எனக்குப் புரிகிறது. ஸ்கிராப் மையத்தில் விட மனசு வராது. அதனாலேயே சொல்கிறேன், நிறுத்தி வைத்திருக்கும் கார் யாருக்கும் கடன் வைக்காது.

பி.யு.சி.யைக் காரணம் காட்டிக் கிளெய்மை மறுத்திருந்தால் விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, 2020 ஆகஸ்ட் 26 விளக்கத்தைக் குறிப்பிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஆசப் அலி சாலை யுனிவர்சல் இன்சூரன்ஸ் கட்டடத்தில் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. மறுப்பு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். மறுப்புக் கடிதம், பாலிசி, சர்வேயர் அறிக்கையின் நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். அறிக்கையின் நகலைக் கேட்டால் கம்பெனி தர வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள்.

அன்புடன்,
மோட்டார் கிளெய்ம் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு தில்லித் தமிழர்